காலிபியே, தொட்டபெட்டா இரண்டும் ஒரே உயரம்தானே?

அக்டோபர் 9

சைக்கிள் ஓட்டும் சேலத்து வாசகர் ஒருவர் கேட்டது, அப்படியே:

"வயது 43. ஏற்காடு 1 மணி 40 நிமிடத்தில் ஏறுவேன். 600 கி.மீ. பிரெவே (நேர வரம்புள்ள நெடுந்தூர சைக்கிள் பயணம்) வரை முடித்திருக்கிறேன். அடுத்த ஜூலையில் பிரான்ஸ் போய் மார்மோத் ஓட்டலாம் என்று இருக்கிறேன். காலிபியே கணவாய் 2,642 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஐந்து மீட்டர்தான் கூட. எல்லாரும் ஏன் இப்படிப் பயமுறுத்துகிறார்கள்?"

ஐந்து மீட்டர் கணக்கு சரி. முதல் தடவை போகும்முன் நானும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மார்மோத் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் 1982-இல் தொடங்கிய சைக்கிள் ஓட்டம். பூர் துவாசான் என்ற பள்ளத்தாக்கு ஊரில் கிளம்பி, கிளாந்தோன் (1,924 மீ.), தெலெகிராஃப் (1,566 மீ.), காலிபியே மூன்றையும் ஏறி இறங்கி, கிளம்பிய ஊருக்கே திரும்ப வர வேண்டும். வந்ததும் அதே ஊர் விளிம்பில் ஆல்ப் துவெஸ் ஏற்றம் காத்திருக்கும். சுமார் 175 கி.மீ., 5,000 மீட்டர் ஏற்றம்.

ஏற்காட்டில் அடிவாரத்திலிருந்து ஆயிரம் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், உங்கள் வேகம் மணிக்கு 600 மீட்டர் உயரம். 5,000 மீட்டருக்கு 8 மணி 20 நிமிடம். இறக்கத்துக்கும் சமவெளிக்கும் மூன்று மணி நேரம். பதினொன்றரை மணி நேரத்தில் மேலே போய்விடலாம். தாராளமாகப் போகலாம்.

அக்டோபர் 9, இரவு

மேலே போட்ட கணக்கு தப்பு. சாப்பிடும்போது உறைத்தது.

ஏற்காட்டை நீங்கள் ஏறியது காலை ஆறு மணிக்கு, புதுக் காலோடு. ஆல்ப் துவெஸைத் தொடும்போது காலில் ஏற்கெனவே நான்காயிரம் மீட்டர் இருக்கும். அங்கே மணிக்கு 450 மீட்டர் கிடைத்தால் பெரிது. 13.8 கி.மீ., சராசரி 8.1 சதவீதச் சரிவு, 1,100 மீட்டருக்கு மேல் ஏற்றம். அது மட்டுமே இரண்டரை மணி நேரம். அப்புறம் தண்ணீர் பிடிக்க, சிறுநீர் கழிக்க, ஜாக்கெட் மாட்ட, கழற்ற என்று ஒரு மணி நேரம் எங்கே போனது என்றே தெரியாமல் போகும். பதின்மூன்று மணி நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 11

"கொல்லிமலையில் 70 வளைவு, ஆல்ப் துவெஸில் 21தானே" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வளைவை எண்ணிப் பயனில்லை. வளைவு கூடக் கூட மலை கொஞ்சம் சாய்ந்து கொடுக்கிறது என்று அர்த்தம். கொல்லிமலையும் ஆல்ப் துவெஸும் ஏறும் உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அங்கே அதைக் குறைந்த தூரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். முதல் இரண்டு கி.மீ. பத்து சதவீதத்தை ஒட்டியே போகும், மூச்சு வாங்க இடம் கிடையாது. வளைவுகளில் எண் பலகை உண்டு, 21-இல் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். டூர் டி பிரான்ஸில் அங்கே வென்றவர்களின் பெயர்கள் அந்தப் பலகைகளில் இருக்கும். படிக்கிற நிலைமையில் நான் இருந்ததில்லை.

அக்டோபர் 12

சரி, என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏற்றத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம்.

முதல் தடவை நான் முடிக்கவில்லை. காரணம் காலிபியே இல்லை, ஆல்ப் துவெஸும் இல்லை. கிளாந்தோன் இறக்கம்.

ஏறும்போது எல்லாம் நன்றாகவே போனது. ஏறக்குறைய 25 கி.மீ. ஏற்றம். நடுவில் ஒரு கிராமம் தாண்டிச் சட்டென்று ஒரு பள்ளத்தில் இறக்கி, மறுபடி பத்து சதவீதத்துக்கு மேல் தூக்கும். அது எரிச்சல்தான், ஆபத்து இல்லை. உச்சியில் இரண்டு ஆரஞ்சுத் துண்டு சாப்பிட்டுவிட்டு இறங்கத் தொடங்கினேன். குறுகிய சாலை, செங்குத்து, ஒரு பக்கம் வேலி கிடையாது, சுற்றிலும் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள். இந்த இறக்கத்தில் முன்பு நடந்த விபத்துகளால், இங்கே ஆகும் நேரத்தைப் போட்டிக் கணக்கில் சேர்ப்பதில்லை. மெதுவாக வா என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். தெரிந்தும் என்ன?

நான் ஓட்டியது வாடகை சைக்கிள். நம் ஊரில் வலது கைப்பிடி முன் பிரேக். பிரான்ஸில் இடது கைதான் முன் பிரேக். முந்தின நாள் ஊருக்குள் ஓட்டிப் பார்த்தபோது பழகிவிட்டது என்று நினைத்தேன். நிதானமாக ஓட்டும்வரை மூளைக்குத் தெரிகிறது. ஒரு வளைவில் முன்னால் போனவர் தடுமாறினார், என் இடது கை தானாகவே முழுசாக அழுத்திவிட்டது. பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கியது. விழவில்லை, எப்படி என்று தெரியாது. ஆனால் அதற்கப்புறம் அடிவாரம் வரை உடம்பு மரக்கட்டை. தோள் இறுகி, விரல் மரத்து, ஆளுக்கு ஆள் என்னைத் தாண்டிப் போனார்கள்.

இதன் விலை கீழே போனபிறகுதான் தெரிந்தது. மோரியென் பள்ளத்தாக்கில் தெலெகிராஃப் அடிவாரம் வரை ஏறக்குறைய சமதளம், காற்று. கூட்டத்தோடு போனால் முன்னால் போகிறவர் முதுகில் ஒதுங்கிக்கொண்டு சும்மா போகலாம். என் கூட்டம் போய்விட்டது. தனியாக மிதித்தேன். அங்கே செலவழித்த காலை காலிபியேவில் தேடினேன், இல்லை. பூர் துவாசானுக்கு வந்து சேர்ந்தபோது நேரம் முடிந்துவிட்டது என்று நெஞ்சிலிருந்த எண் அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் வாங்கினார்கள்.

ஓட்டத்தின் கடைசியில், நேரம் தவறியவர்களை ஏற்றிக்கொண்டு வரும் வண்டிக்கு அவர்கள் மொழியில் துடைப்ப வண்டி என்று பெயர். இறக்க நேரத்தைப் போட்டிக் கணக்கில் கழித்துவிடுவார்கள், துடைப்பத்துக்கு அந்தக் கழித்தல் தெரியாது.

அக்டோபர் 13

சுருக்கமாக: சொந்த சைக்கிள் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் வாடகைக் கடையில் முதல் வேலையாக பிரேக்கை மாற்றிக் கட்டித் தரச் சொல்லுங்கள்.

அக்டோபர் 13, மாலை

மேலே சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். டிஸ்க் பிரேக் என்றால் மாற்றிக் கட்டுவது ஆயில் குழாயைப் பிரித்துக் காற்று எடுக்கிற வேலை. சீசன் நேரத்தில் எந்தக் கடைக்காரர் செய்வார்? இதற்கு எதிர்வழியைத் திருச்சிக்காரர் ஒருவர் சொன்னார்: உங்கள் சொந்த சைக்கிளில் இப்போதே அவர்கள் முறைக்கு மாற்றிக்கொண்டு எட்டு மாதம் ஓட்டுங்கள். கை பழகிவிடும், அப்புறம் வாடகை சைக்கிளே போதும். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சாலையில் வலப்பக்கம் போவதும் இப்படித்தான். சமவெளியில் மறக்காது. ஆளில்லாத மலையில், வளைவுக்கு வெளியே அகலமாகப் போய்விட்டுத் திரும்பும்போது மறக்கும்.

அக்டோபர் 20

விமானத்தில் சைக்கிள் கொண்டுபோவோருக்கு ஒன்றே ஒன்று. கியர் மாற்றும் பின் டெரெய்லரைக் கழற்றி, துணி சுற்றி, சட்டத்துக்குள் கட்டுங்கள். அது தொங்கும் சின்ன அலுமினியத் துண்டு, ஹேங்கர், உங்கள் மாடலுக்கு ஏற்றதாக ஒன்று கூடுதலாகப் பையில் இருக்கட்டும். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு வடிவம். மலை ஊர்க் கடையில் எல்லாம் இருக்கும், உங்களுடையது மட்டும் இருக்காது. இரண்டாம் தடவை என் பெட்டியை எவரோ போட்ட போடில் அது வளைந்தே வந்தது. ஐம்பது கிராம் துண்டு என் பயணத்தைக் காப்பாற்றியது.

யூஜென் கிறிஸ்டோஃப் நினைவுக்கு வருகிறார். 1913 டூர் டி பிரான்ஸில் பிரனீஸ் மலையில் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்தது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பத்துக் கி.மீ.க்கு மேல் நடந்து சேன்த் மரி தெ காம்பான் கிராமத்துக் கொல்லர் பட்டறைக்குப் போய், தன் கையாலேயே ஃபோர்க்கைப் பற்றவைத்தார். பிறர் உதவி கூடாது என்பது அன்றைய விதி. துருத்தி ஊதிய சிறுவனுக்காக அவருக்குத் தண்டனை நேரம் போட்டார்கள். நாம் ஹேங்கர் இல்லை என்று அழுகிறோம்.

நவம்பர் 2

மார்மோத்துக்குப் பதில் 'எத்தாப்' போகலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். டூர் டி பிரான்ஸின் ஒரு நாள் பாதையை, சாலையை மூடி, நம்மைப் போன்றவர்களுக்குத் திறந்துவிடும் ஓட்டம் அது. 1993-இல் தொடங்கியது. பாதை ஒவ்வொரு வருடமும் மாறும். 2023-இல் ஆன்மாஸ் முதல் மோர்ஸின் வரை, 2024-இல் நீஸிலிருந்து கூயோல் கணவாய், 2025-இல் ஆல்பெர்வில்லிலிருந்து லா பிளான். டூர் பாதையை அக்டோபர் கடைசியில் அறிவிப்பார்கள், பதிவும் அதை ஒட்டியே திறக்கும். இடம் வேகமாகத் தீர்ந்துவிடும்.

பதினையாயிரம் பேர் கிளம்புவதால் தொகுதி தொகுதியாக விடுவார்கள். முதல் தொகுதிக்கும் கடைசித் தொகுதிக்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். துடைப்ப வண்டியோ கடைசித் தொகுதிக்குப் பின்னாலேயே கிளம்பிவிடும். கடைசித் தொகுதியில் நின்றால் அதன் மூச்சு கழுத்தில் படும். முந்தைய ஓட்டங்களின் நேரம் இருந்தால் பதிவில் கட்டாயம் எழுதுங்கள். தன்னடக்கம் வேண்டாம்.

நவம்பர் 17

மருத்துவச் சான்று. இதற்கான விதிகள் பிரான்ஸில் கடந்த சில ஆண்டுகளாக மாறிக்கொண்டே வருகின்றன. பதிவுப் பக்கம் கேட்கிற வாசகத்தை அச்சடித்து, அதில் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் வாங்குங்கள். நான் அப்படிச் செய்யாமல் எங்கள் தெரு டாக்டரிடம் போய் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். 'இவர் மிதிவண்டியில் அலுவலகம் சென்றுவரத் தகுதியானவர்' என்று எழுதித் தந்தார். 'போட்டியில்' என்ற ஒரு சொல்தான் அவர்களுக்கு வேண்டியது. அந்த ஒரு சொல்லுக்கு ஈசிஜி எடுத்துவிட்டு வா என்றார். யோசித்தால் நியாயம்தான். 43 வயதில் நீங்களும் எடுத்துவிடுங்கள்.

டிசம்பர் 3

கியர். 'ஏற்காட்டுக்கு 28 பல் போதுமே' என்கிறார் சேலத்துக்காரர்.

போதும், ஏற்காட்டுக்கு. எட்டு சதவீதத்தில் களைத்த காலோடு மணிக்கு 8 கி.மீ. போகிறீர்கள் என்று வையுங்கள். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் 28 என்றால் நிமிடத்துக்கு 52 சுற்று மிதிப்பீர்கள். பின்னால் 34 போட்டால் 63. பதினொரு சுற்று என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். 52-இல் ஒவ்வொரு மிதியும் மாடிப்படி ஏறுவது மாதிரி, முட்டி முதலில் பேசும். அங்கே அறுபது வயது பிரெஞ்சுக்காரர்கள் பின்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பல்சக்கரம் மாட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். அன்றே வெட்கத்தை விட்டேன்.

ஜனவரி 8

சாப்பாடு. வழியில் தருவது பெரும்பாலும் ஆரஞ்சு, வாழைப்பழம், பிஸ்கட், தேன் ரொட்டி, சீஸ், பன்றி இறைச்சித் துண்டுகள், கோலா. சைவக்காரர் பட்டினி கிடக்க மாட்டார், ஆனால் உப்பும் காரமும் இல்லாமல் ஆறு மணி நேரம் இனிப்பே போனால் வயிறு திரும்பும். புளிச்சாதத்தைச் சின்ன உருண்டையாக உருட்டி அலுமினியத் தாளில் சுற்றி எடுத்துப் போனேன். என் வாழ்க்கையிலேயே சிறந்த புளிச்சாதம் அதுதான். கடலை மிட்டாய் மட்டும் வேண்டாம். காலிபியே உச்சியில் குளிரில் தாடை ஆடிக்கொண்டிருக்க, அதைக் கடிக்க முடியவில்லை. வாயில் போட்டுக்கொண்டே கீழே லொத்தாரே கணவாய் வரை இறங்கினேன்.

கிராமங்களில் குழாயடித் தொட்டிகள் உண்டு. 'ஓ போத்தாபிள்' என்று பலகை இருந்தால் குடிக்கலாம். நடுவில் 'நோன்' என்று ஒரு சொல் இருந்தால் தலையில் மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 11

தொட்டபெட்டா விஷயத்துக்குக் கடைசியாக வருகிறேன். அக்டோபரிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

உயரம் ஒன்றுதான், மலை ஒன்றில்லை. தொட்டபெட்டா நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரி வடக்கே. காலிபியே 45 டிகிரி. நம் உச்சியில் சோலைக்காடு இருக்கிறது, வேர்க்கடலை விற்கிறார்கள். அங்கே மரம் முடிந்து வெகு நேரமாகியிருக்கும். புல், பாறை, ஜூலையிலும் சாலையோரம் அழுக்குப் பனி. கணவாயே மே கடைசி அல்லது ஜூன் வாக்கில்தான் திறக்கும். மோரியென் பள்ளத்தாக்கில் 35 டிகிரி வெயிலில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்பியவர், மூன்று நான்கு மணி நேரம் கழித்து 2,642 மீட்டரில் நிற்பார். இடையில் தெலெகிராஃபிலிருந்து வலுவார் ஊருக்கு ஒரு சின்ன இறக்கம், அங்கிருந்து மறுபடி 18 கி.மீ. கடைசி எட்டுக் கி.மீ. மிகக் கொடுமை. வியர்வையில் நனைந்த ஜெர்சியோடு உச்சியில் பத்து நிமிடம் போட்டோ எடுத்தால் போதும், நடுக்கம் தொடங்கிவிடும்.

ஏறுகிறவனுக்குக் குளிர் தெரியாது. இறங்கும்போது மிதிக்க வேலையில்லை, உடம்பு சூடு உண்டாக்காது, மணிக்கு 50 கி.மீ. காற்று. விரல் மரத்தால் பிரேக் பிடிக்க முடியாது. பிரேக் பிடிக்க முடியாது என்ற பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடிப்பீர்கள். காலிபியேவிலிருந்து பூர் துவாசான் வரை ஏறக்குறைய 45 கி.மீ. இறக்கம், நடுவில் சுரங்கப் பாதைகள் வேறு. பின்விளக்கு வேண்டும், கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும்.

முழுவிரல் கையுறை, மெல்லிய காற்று ஜாக்கெட். இரண்டும் சேர்ந்து ஒரு ஆப்பிள் எடை.

பிப்ரவரி 12

ஆப்பிள் எடை என்று எழுதியதற்கு மூன்று பேர் தராசு வைத்து மறுத்திருக்கிறார்கள். பெரிய ஆப்பிள்.

மார்ச் 6

எனக்கே ஒரு சந்தேகம். முதல் பயணமே எண் அட்டையோடு போக வேண்டுமா?

இந்தக் கணவாய்கள் எல்லாம் பொதுச்சாலைகள். எந்த நாளும் சும்மா போய் ஏறலாம். பல ஏற்றங்களில் ஒவ்வொரு கி.மீ.க்கும் ஒரு சின்ன மைல்கல், அடுத்த ஒரு கி.மீ. எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வசதிக்காகவே பிரான்ஸில் மலை ஏறலாம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் குறித்த சில நாள்களில் இசோவார் போன்ற கணவாய்களில் காலை சில மணி நேரம் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டு சைக்கிளுக்கு மட்டும் விடுகிறார்கள். கட்டணம் கிடையாது, துடைப்பம் கிடையாது.

ஏதாவது சான்றிதழ் இருந்தால்தான் வீட்டில் மதிப்பார்கள் என்றால் மோன் வான்தூ என்ற மலை இருக்கிறது. பெதுவான், மலோசேன், சோ என்று மூன்று ஊர்களிலிருந்தும் ஒரே நாளில் உச்சி ஏறியவர்களுக்கு 'வான்தூ பைத்தியங்கள்' என்று ஒரு சங்கம். அட்டையில் ஊருக்கு ஊர் முத்திரை வாங்க வேண்டும், சுமார் 4,400 மீட்டர் ஏற்றம். பிரெவே அட்டையில் முத்திரை குத்திப் பழகிய உங்களுக்கு இது சொந்த ஊர் மாதிரி. வெயில் நாளில் மட்டும் வேண்டாம். மேல்பகுதியில் நிழலே கிடையாது. 1967 ஜூலை 13-இல் டூர் டி பிரான்ஸ் ஓட்டத்தில் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் அங்கேதான் விழுந்து இறந்தார். வெயிலோடு ஊக்க மருந்தும் சேர்ந்துகொண்டது. நினைவுக்கல் சாலையோரத்திலேயே இருக்கிறது, ஏறுகிறவர்கள் தண்ணீர்ப் புட்டி, தொப்பி என்று வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கூட்டமும் கொண்டாட்டமும் வேண்டுமென்றால் ஜூனில் ஆர்தெஷுவாஸ். ஆல்ப்ஸ் இல்லை, அதற்கு மேற்கே ஆர்தெஷ் மலைகள். சேன் ஃபெலிசியேன் என்ற சின்ன ஊரில் கிளம்புவது. வழியெல்லாம் கிராமத்தார் வீதிகளை மஞ்சளும் ஊதாவுமாகத் தோரணம் கட்டி நிற்பார்கள். நம் ஊர்த் தேர்த் திருவிழாவுக்குள் சைக்கிளில் புகுந்த மாதிரி இருந்தது.

மார்ச் 7

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, 'நீங்களே இரண்டு தடவை மார்மோத் போய்விட்டு எங்களை மட்டும் சும்மா சுற்றிவரச் சொல்கிறீர்களே' என்று கோபித்திருக்கிறார் சேலத்துக்காரர். உண்மை. இரண்டாம் தடவை முடித்தபோது 12 மணி 50 நிமிடம். மேலே அக்டோபரில் பதின்மூன்று மணி நேரம் என்று உங்களுக்குச் சொன்ன கணக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

முடித்ததற்குக் காரணம் ஒன்றுதான். அதற்கு முந்தின ஒரு வாரம் அங்கேயே தங்கி, கிளாந்தோனை மூன்று தடவை இறங்கினேன். ஏறுவதற்காகப் போகவில்லை, இறங்குவதற்காகப் போனேன். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டு, கண்ணை வெளியேறும் இடத்தில் வைத்து. மூன்றாம் நாள்தான் தோள் தளர்ந்தது.

ஏப்ரல் 2

விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஓட்டத்தின் பதிவுச் சீட்டையும் சேர்த்து வையுங்கள். பயணக் காப்பீட்டில் சைக்கிள் போட்டி அடங்குமா, மலை மீட்பு அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல திட்டங்களில் 'போட்டி' என்ற சொல்லைப் பார்த்ததும் கையை விரித்துவிடுவார்கள். டாக்டரிடம் கெஞ்சி வாங்கிய அதே சொல்.

மே 25

சேலத்துக்காரர் இந்த வருடம் பதிவு செய்யவில்லை. பத்து நாள் பூர் துவாசானில் அறை எடுத்திருக்கிறாராம், வாடகை சைக்கிள், 34 பல். பிரேக்கை அக்டோபரிலேயே மாற்றிக் கட்டி, ஏற்காட்டின் 20 வளைவுகளையும் வாரா வாரம் இறங்கிப் பழகுகிறாராம்.

ஜூலை 14

படம் அனுப்பியிருக்கிறார். காலிபியே பலகைக்குப் பக்கத்தில், ஹெல்மெட்டுக்கு அடியில் ஊட்டியில் வாங்கிய குரங்குக் குல்லா. பின்னால் பனி. கிளாந்தோன் இறக்கத்தில் கை தப்பவே இல்லையாம்.

ஜூலை 29

ஊர் திரும்பிவிட்டார். இப்போது புதுக் கேள்வி: ஸ்கூட்டரில் இன்னும் வலது கைதான் முன் பிரேக், நேற்று பால் வாங்கப் போனபோது மாற்றிப் பிடித்துவிட்டாராம். வீட்டில் அவர் பின்னால் உட்கார மாட்டேன் என்கிறார்கள், என்ன செய்வது என்கிறார். திருச்சிக்காரர்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.